ஏழு மில்லிமீற்றர் குமிழிகள்

போன டிசெம்பரில் ரொறன்ரோவிலிருந்து பெரியப்பாவின் மகன் வெள்ளவத்தைக்கு வந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க ரயர் கடை மணம். உள்ளே கறுப்பாய், தடிப்பாய், பாய் மாதிரிச் சுருட்டி வைத்த ஒரு வெட்சூட், அதாவது குளிர் தண்ணீரில் இறங்குகிறவர்கள் உடம்போடு ஒட்டப் போடுகிற இறப்பர் உடுப்பு. அண்ணா கோடை காலத்தில் ஒன்ராறியோ ஏரிகளில் மூச்சடக்கிச் சுழியோடுகிறவர், சிலிண்டர் கிடையாது, ஒரே மூச்சில் இறங்கி ஏறுவதுதான். அந்த ஏரி உடுப்பைக் கல்கிசைக் கடலில் போட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"அண்ணா, இங்க கடல் 28 பாகை. அவிஞ்சு போவீங்கள்."

கேட்கவில்லை. பத்தாவது நிமிடம் முகம் சிவந்து, சூட்டின் கழுத்தை இழுத்து இழுத்துத் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அதைவிட வேடிக்கை, அவரால் கீழே போகவே முடியவில்லை. கீழே இறங்குவதற்காகக் கனடாவில் கட்டுகிற அதே ஈயப் பெல்ட்டோடு தக்கை மாதிரி மிதந்தார். அவிந்ததும் மிதந்ததும் பார்க்க இரண்டு பிரச்சினைகள், ஆனால் இரண்டிலும் பங்கு உள்ளது அந்த இறப்பருக்குள் அடைபட்டிருக்கிற வாயு. வெட்சூட் வாங்கப் போகிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது அந்த வாயுவைத்தான், நிறமும் பெயரும் அப்புறம்.

தண்ணீர் காற்றை விட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். 28 பாகை காற்றில் மின்விசிறி போட்டுக்கொள்கிற நாங்கள், 28 பாகைத் தண்ணீரில் ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் கிடந்தால் நடுங்கத் தொடங்குவது அதனால்தான். வெட்சூட்டின் வேலை உடலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெப்பம் கடத்தாத ஒரு படையை வைப்பது. நியோப்ரீன் என்ற அந்த இறப்பர் நுரை, தண்ணீர் கடத்துவதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெப்பத்தைக் கடத்துகிறது, அதுவும் இறப்பரின் கெட்டித்தனத்தால் அல்ல, அதற்குள் இருக்கிற இலட்சக்கணக்கான நைதரசன் குமிழிகளால்.

இங்கே பலர் பிழையாகச் சொல்கிற கதை ஒன்று இருக்கிறது: சூட்டுக்குள் புகுகிற தண்ணீர் உடம்புச் சூட்டில் சூடாகி எங்களைச் சூடாக வைத்திருக்கிறது என்று. தலைகீழ். அந்தத் தண்ணீரைச் சூடாக்கியதே உங்கள் உடம்பு, செலவு உங்களுடையது. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற பௌதிகவியலாளர் வெட்சூட்டை யோசித்தபோது கண்ட விடயம் வேறு: காப்புப் படைக்குள்ளேயே வாயு இருந்தால், தோல் நனைந்தாலும் பரவாயில்லை, உடுப்பு நீர் புகாததாக இருக்கத் தேவையில்லை. நனையலாம் என்றுதான் அவர் சொன்னார், நனைவதால் சூடு வரும் என்றல்ல. உள்ளே தண்ணீர் குறைவாக இருக்க இருக்க நல்லது, அதுவும் நகராமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை குனியும்போதும் முதுகுப் பள்ளத்தில் பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வந்தால், ஏழு மில்லிமீற்றர் தடிப்பில் போட்டும் பிரயோசனமில்லை.

மலைநாட்டு நீர்த்தேக்கம் ஒன்றில் எனக்கு இது உறைத்தது. நான் கொண்டுபோனது முதுகில் சிப் வைத்த, தொளதொளத்த, நண்பன் ஒருவனின் மூன்று மில்லிமீற்றர் சேர்ஃபிங் சூட். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான், அந்தப் பக்கத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கொழும்புக்காரனுக்கு யார் சொல்வது! சிப் வழியாக ஒரு குளிர்க் கோடு முள்ளந்தண்டில் இறங்கியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இருபது நிமிடத்தில் தாடை அடிக்கத் தொடங்கிவிட்டது. மூச்சடக்குகிறவனுக்கு நடுக்கம் வெறும் அசௌகரியம் அல்ல, தசைகள் துடிக்கத் துடிக்க ஒட்சிசன் எரிகிறது, வழக்கமாக அடக்குகிற நேரத்தில் பாதி கூடத் தாங்காது. (தனியாக இறங்கவே கூடாது என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். துணைக்கு வந்தவன்தான் என்னைக் கரையேற்றினான்.)

சரி, அண்ணாவின் சூட்டுக்கு வருவோம். அதன் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் துணி இல்லை, வெறும் நுரை, விரலைப் பிடித்து இழுப்பது மாதிரி ஒட்டும். இது எப்படி வருகிறது என்பதற்குப் பாணை நினைத்துக்கொள்ளுங்கள். நியோப்ரீனையும் பாண் மாதிரித்தான் கட்டியாகச் சுட்டு எடுக்கிறார்கள், மாவில் ஈஸ்ட் செய்கிற வேலையை இங்கே வெப்பத்தில் சிதைந்து நைதரசனை விடுகிற ஓர் இரசாயனம் செய்கிறது. பிறகு அந்தக் கட்டியைத் துண்டு துண்டாகச் சீவுகிறார்கள். பாணின் மேற்தோல் வழுவழு என்று இருக்கும், வெட்டிய முகத்தில் ஓட்டைகள் தெரியும், இல்லையா? அதே கதைதான். வெட்டிய முகத்தில் பாதியாக அறுபட்ட குமிழிகள் குட்டிக் குட்டிக் கிண்ணங்களாய்த் தோலைக் கவ்விக்கொள்கின்றன. இதற்குத் திறந்த கலம் என்று பெயர் வைத்திருப்பதால் உள்ளே எல்லாமே பஞ்சு மாதிரித் திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம், திறந்திருப்பது அந்த ஒரு முகம் மட்டும். தோலோடு இப்படி ஒட்டுவதால் தண்ணீர் நகர இடமே இல்லை. துணி ஒட்டாததால் நன்றாக இழுபடவும் செய்யும்.

அதற்கான விலை போடும்போது தெரியும். உலர்ந்த உடம்பில் ஏறவே ஏறாது. அண்ணா எங்கள் குளியலறையில் ஷாம்பூ கலந்த வெந்நீரை ஒரு வாளியில் கரைத்து, சூட்டுக்குள் ஊற்றிக் குலுக்கி, பாம்பு சட்டைக்குள் திரும்பப் போவது மாதிரி நுழைந்தார். வெளியே அம்மா, "உள்ளுக்கு என்னடா செய்யிறீங்கள்?" நகம் நீளமாக இருந்தால் அந்தக் கணத்திலேயே கிழிந்துவிடும், பிறை வடிவில் ஒரு வெட்டு விழும். இழுக்கும்போது விரல் நுனியால் கிள்ளக் கூடாது, விரலின் சதைப் பகுதியால் நிறைய நுரையை அள்ளிப் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் நீடிப்பு, சூடு, நெகிழ்வு மூன்றும் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. குமிழிகள் கூடக்கூட நுரை இலகுவாகவும் இழுபடக்கூடியதாகவும் சூடாகவும் இருக்கும், ஆனால் மெல்லிய சுவர்கள் சீக்கிரம் நசுங்கும், சீக்கிரம் கிழியும். அடர்த்தியான நுரை வருடக்கணக்கில் உழைக்கும், ஆனால் கவசம் போட்ட மாதிரி இருக்கும். ஜப்பானின் யமமோட்டோ நிறுவனம் நுரைகளுக்கு இடுகிற எண்களில் 45 மிக மென்மையானது, 39 அதைவிடக் கொஞ்சம் கெட்டி. கடையில் 45ஐத் தொட்டுப் பார்த்தால் மனம் மயங்கும். ஆழத்துக்குப் போனால்தான் மிச்சக் கதை தெரியும்.

சாதாரண தரத்தில் படித்த போயிலின் விதிதான். மேற்பரப்பில் ஒரு வளிமண்டல அமுக்கம், 10 மீற்றரில் இரண்டு, 20 மீற்றரில் மூன்று. அமுக்கம் இரு மடங்கானால் வாயுவின் கனவளவு பாதி. இறப்பர்ச் சுவர் கொஞ்சம் எதிர்த்து நின்றாலும், ஐந்து மில்லிமீற்றர் சூட் 20 மீற்றரில் ஐந்து மில்லிமீற்றராக இருக்காது. ஏரியில் இது கடலை விடக் கொடுமை. கனடா மாதிரி நாடுகளில் கோடையில் மேற்பரப்பு இருபது பாகையைத் தொட்டாலும், சில மீற்றர் இறங்கியதும் ஒரு கோடு கீறின மாதிரித் தண்ணீர் திடீரென்று குளிர்ந்துவிடும். நன்னீர் 4 பாகையில்தான் மிக அடர்த்தி, ஆகவே குளிர்காலத்துக் குளிர் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அண்ணா அந்தக் கோட்டைக் கடப்பதை "குளிர்சாதனப் பெட்டிக்குள்ள தலையை விடுறது" என்பார். தண்ணீர் மிகக் குளிராக இருக்கிற அதே இடத்தில்தான் சூட் மிக மெல்லியதாகிறது. அடிக்கடி ஆழம் போகிறவருக்கு 39 மாதிரி நடுத்தரக் கெட்டி நுரையைச் சொல்வது அதற்காகத்தான். இன்னொன்றும் உண்டு, நூற்றுக்கணக்கான தடவை நசுங்கிய குமிழிகள் முழுசாக மீளாது. மூன்று வருடம் உழைத்த ஐந்து மில்லிமீற்றர் சூட்டை அளந்து பார்த்தால் ஐந்து இருக்காது.

அப்போ அண்ணா ஏன் மிதந்தார்? வாயு தூக்குவதைச் சமன் செய்யத்தான் ஈயம், ஆனால் கனடாவில் அவர் இறங்குவது நன்னீரில், பெல்ட்டும் அதற்கேற்றது. ஒரு கன மீற்றர் நன்னீர் 1000 கிலோ, கடல்நீர் 1025 கிலோ அளவில் இருக்கும். உடம்பும் சூட்டும் சேர்ந்து 80 லீற்றர் இடம் பிடித்தால், கடலில் மேலுதைப்பு ஏறக்குறைய இரண்டு கிலோ கூட. இரண்டு கிலோ ஈயம் சேர்த்ததும் இறங்கினார். நாங்கள் இதைத் திருப்பிப் போட வேண்டும்: கல்கிசையில் சரிபார்த்த பெல்ட்டை அப்படியே கட்டிக்கொண்டு ஏரியில் குதித்தால் இரண்டு கிலோ அதிகம், அதோடு 10 மீற்றரில் சூட் நசுங்கி மிதப்பும் போய்விடும், மேலே வருகிறபோது கால் கெஞ்சும். ஏரிக்குப் போனதும் முதல் வேலை ஈயத்தைக் கழற்றி மறுபடி பார்ப்பது.

வெளிப்பக்கத்துக்கு என் தெரிவு நைலோன் துணி. வழுவழுப்பான வெளித்தோல் தண்ணீரில் சறுக்கிக்கொண்டு போகும், மேலே வந்து காற்றில் நிற்கும்போது நனைந்த நைலோன் மண்பானை மாதிரி ஆவியாகிக் குளிர்விக்கும், வழுவழுத்தோலில் தண்ணீர் நிற்காது, அதெல்லாம் உண்மை. ஆனால் ஏரிக்கரை என்பது பாறை, மூழ்கிய மரக்கிளை, சிக்கல் கொடி. வழுவழுத்தோல் ஒரு சீசனுக்கு மேல் தாங்கினால் அதிசயம். எனவே உள்ளே திறந்த கலம், வெளியே நைலோன், சிப் இல்லாத இரண்டு துண்டு, தலைமூடி மேற்சட்டையோடே சேர்ந்தது, தடிப்பு ஐந்து மில்லிமீற்றர். தலைமூடியை விடக் கூடாது, குளிரில் கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கிற மாதிரி உச்சந்தலையில் சுருங்குவதில்லை.

அளவு பார்க்கும்போது கண்ணாடி முன் நிற்பதை விட நிலத்தில் குந்தி, வயிற்றிலிருந்து நெஞ்சு வரை முழு மூச்சை இழுத்துப் பாருங்கள். விலா விரியாமல் இறுக்கினால் அந்தச் சூட் எவ்வளவு சூடாக இருந்தும் வேண்டாம், ஒரே மூச்சில் வாழ்கிற விளையாட்டில் அந்த மூச்சைத் திருடுகிற உடுப்பு எதற்கு? அக்குளிலும் இடுப்புப் பள்ளத்திலும் உள்ளங்கை நுழைகிற இடைவெளி இருந்தாலும் வேண்டாம். தையலைத் திருப்பிப் பாருங்கள், பசை போட்டு ஒட்டி, ஊசி மறுபக்கம் வராமல் அரைவாசி ஆழத்தில் தைத்திருந்தால் நல்லது. ஊசி துளைத்துக்கொண்டு போயிருந்தால் ஒவ்வொரு துளையும் ஒரு குட்டி வாய்க்கால்.

கொழும்பு ஈரப்பதத்தில் இன்னொரு எதிரி பூஞ்சணம். நன்னீரில் அலசி, உட்புறம் வெளியே வர நிழலில் தொங்கவிட வேண்டும், வெயிலில் அல்ல. மடித்து அலுமாரியில் வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் குமிழிகள் நசுங்கியே கிடக்கும்.

அண்ணா போகும்போது பெட்டியில் எடை கூடிவிட்டது என்று சூட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். இடது தொடையில் ஒரு பிறைவெட்டு இருந்தது. குளியலறையில் அவசரத்தில் இழுத்தது நான்தான். நியோப்ரீன் பசையை இரண்டு முகத்திலும் மெல்லியதாகப் பூசி, பத்து நிமிடம் காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு பூசி, தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் விளிம்போடு விளிம்பு சேர்த்து அழுத்தினேன். அடுத்த முறை மலைநாட்டுக்குப் போகும்போது சிப் வைத்த சூட் நண்பனுக்கே திரும்பப் போகிறது.