நாட்டு விதையைக் கொடுக்கும் முன் பதிவு செய்யுங்கள்

உருளைக்கிழங்கில் இலைக்கருகலைத் தாங்கும் குணத்தை மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்தார்கள். இப்போது வறட்சி, வெக்கை தாங்கும் ரகம் உருவாக்க நினைப்பவர்கள் நாட்டு விதை தேடி ஊர் ஊராக வருகிறார்கள். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் முள்ளுக் கத்திரி விதையைக் கேட்டால் எழுத்தில் எதுவும் இல்லாமல் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்துவிடுகிறோம்.

பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2001-இன்படி உழவரோ உழவர் குழுவோ ரகத்தைப் பதியலாம், கட்டணம் கிடையாது. பதிந்த ரகத்திலிருந்து பெறப்பட்ட ரகத்தை இன்னொருவர் விற்க உங்கள் சம்மதம் வேண்டும்.

"அதான் புவிசார் குறியீடு வந்துவிட்டதே" என்பார்கள். 2023-இல் வேலூர் முள்ளுக் கத்திரிக்குக் கிடைத்தது பெயருக்கான காப்பு. விதைக்கு அல்ல.

"ரொம்ப நாளாக விற்கிற ரகம், புதுசு இல்லையே" என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். உழவர் ரகத்துக்குப் புதுமை தேவையில்லை. தனித்துவம் (வேறு ரகத்திலிருந்து மாறுபடுவது), சீர்மை (செடிகள் ஒன்றுபோல் இருப்பது), நிலைத்தன்மை (மறுபடி விதைத்தாலும் குணம் மாறாதது) போதும்.

அலைச்சல், விண்ணப்பப் படிவத்தில் வாங்க வேண்டிய ஒப்பத்தில்தான். கத்திரி தோட்டக்கலை என்று வேளாண் அலுவலகம் கைகாட்டும். படிவத்தில் எங்கள் பதவியே இல்லை என்று தோட்டக்கலை திருப்பிவிடும். இந்தப் பந்தாட்டத்தில் சிக்காமல் ஊராட்சிப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் தலைவர் அல்லது செயலாளரிடம் வாங்குங்கள், அது செல்லும். குழு இருப்பதே பல ஊராட்சிகளில் தெரியாது. அந்தக் குழுவின் பதிவேட்டைக் காட்டச் சொல்லி ஊராட்சியில் கேளுங்கள். படிவம் நிரப்ப விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

"சுவை நன்றாக இருக்கும்" என்று எழுதினால் தனித்துவம் ஆகாது. முள் காம்பில் மட்டுமா, இலை நரம்பிலுமா, காயின் நிறம், வரி, வடிவம் என்ன என்று அருகில் உள்ள வேறொரு ரகத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். பெயரும் வில்லங்கம்: ஊர்ப் பெயர் கலந்த ரகப் பெயரைப் பதிவாளர் மறுக்கலாம். மாற்றுப் பெயர் ஒன்று கையில் இருக்கட்டும்.

பதிவுக்கு அனுப்பும் விதையில்தான் பலர் தோற்கிறார்கள். கத்திரியில் பூச்சி வழியாக அயல் மகரந்தம் கலக்கும். வேறு கத்திரி 100 மீட்டருக்குள் இல்லாத இடத்தில் நட்டு, மாறுபட்ட செடிகளைப் பூக்கும் முன் பிடுங்கி, பழம் மஞ்சளாகப் பழுத்த பிறகே விதை எடுங்கள். மருந்து கலந்த விதை அனுப்பக் கூடாது.

பதிவால் பக்கத்துக் காட்டுக்காரர் விதைப்பதோ பரிமாறுவதோ நிற்காது. பிராண்டு முத்திரையிட்ட விதையாக மட்டும் அவர் விற்க முடியாது. ஊருக்குள் சண்டை வராமல் உழவர் குழுவாகவே விண்ணப்பியுங்கள்.

பதிவு வரும்வரை யார் விதை கேட்டாலும் பெயர், அளவு, நோக்கம், தேதி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.