பத்திரிகை மீதும் புகார் செய்யலாம், பத்திரிகையை மிரட்டுபவர் மீதும் செய்யலாம்

செய்தியில் உங்களைப் பற்றித் தவறாக எழுதிவிட்டார்கள். மறுப்பு அனுப்பியும் போடவில்லை. அல்லது மார்த்தாண்டத்தில் நீங்கள் ஒரு வார இதழ் நடத்துகிறீர்கள். குவாரி லாரிகளைப் பற்றி எழுதிய மறுவாரமே, வழக்கமாக வந்த அரசு விளம்பரம் நின்றுவிடுகிறது. இரண்டு குறைகளுக்கும் போகவேண்டிய இடம் ஒன்றுதான்: டெல்லியில் இருக்கும் இந்தியப் பத்திரிகை கவுன்சில். முதல் வகைப் புகாரைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டாவதற்கும் அங்கே இடம் உண்டு என்பது பத்திரிகைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இந்த ஏற்பாடு வந்த கதை நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அந்நியமல்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை. அங்கே திவானை, அதாவது சமஸ்தானத்தின் முதன்மை அமைச்சரை, கண்டித்து எழுதிய ‘சுதேசாபிமானி’ ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை 1910 செப்டம்பர் 26 அன்று நாடு கடத்தப்பட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். அச்சகம் பறிமுதலானது. 1938-ல் சி.பி. ராமசாமி அய்யர் திவானாக இருந்தபோது ‘மலையாள மனோரமா’ மூடப்பட்டது. திவான் செய்தது தவறு என்று முறையிட வேண்டுமானால் திவானிடமேதான் முறையிட வேண்டும். சிக்கல் அங்கேதான்: ஆட்சிக்கு வெளியே முறையிட ஓர் இடம் இல்லை.

1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை வந்தபோது முதல் பத்திரிகை கவுன்சில் இருந்தது. 1966-ல் அமைந்தது அது. 1975 டிசம்பர் 8-ல் மூன்று அவசரச் சட்டங்கள் வந்தன. ஒன்று கவுன்சிலைக் கலைத்தது. ஒன்று ‘ஆட்சேபகரமான’ செய்திகளைத் தடை செய்தது. மூன்றாவது, நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடும் பத்திரிகைக்கு 1956 முதல் இருந்த சட்டப் பாதுகாப்பை நீக்கியது. 1977-ல் ஆட்சி மாறியதும் தடைச் சட்டம் ரத்தாகி, நாடாளுமன்றச் செய்திக்கான பாதுகாப்பு திரும்பி வந்தது. 1978 பத்திரிகை கவுன்சில் சட்டத்தின்படி 1979-ல் இப்போதைய கவுன்சில் அமைந்தது. தலைவரை அரசு நேரடியாக நியமிப்பதில்லை. மாநிலங்களவைத் தலைவர், மக்களவை சபாநாயகர், கவுன்சில் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவர் ஆகிய மூவரும் கூடி முடிவு செய்கிறார்கள். உறுப்பினர் 28 பேரில் 13 பேர் உழைக்கும் பத்திரிகையாளர்கள், 5 பேர் எம்.பி.க்கள்.

பத்திரிகை மீது புகார்

முதல் வேலை ஆசிரியருக்குக் கடிதம். நேராக டெல்லிக்கு எழுதினால், “ஆசிரியருக்கு எழுதினீர்களா?” என்றுதான் திருப்பிக் கேட்பார்கள், அதற்குள் கெடு ஓடிவிடும். ஆசிரியர் பெயரும் முகவரியும் பத்திரிகையிலேயே இருக்கும். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் விவரம் அடங்கிய அந்தச் சின்ன எழுத்து வரிகளைத் தேடுங்கள். உள்ளூர் நிருபரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வரி தவறு, உண்மை என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கெடு இதுதான்: நாளிதழ், வார இதழ், செய்தி நிறுவனம் என்றால் செய்தி வந்த நாளிலிருந்து 2 மாதம், மற்ற இதழ்களுக்கு 4 மாதம். ஆசிரியரின் பதிலுக்காகக் காத்திருந்தே இரண்டு மாதத்தைக் கழித்துவிடுபவர்கள் உண்டு. பதில் வராவிட்டால் “பதில் வரவில்லை” என்று புகாரிலேயே எழுதிவிட்டு அனுப்பிவிடலாம். தாமதத்தை மன்னிக்க வழி இருக்கிறது, ஆனால் தக்க காரணம் காட்ட வேண்டும்.

புகாருடன் இணைக்க வேண்டியவை: செய்தி நறுக்கு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், பதில் வந்திருந்தால் அதன் நகல், பிறகு ஓர் உறுதிமொழி. இதே விஷயத்தில் எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நிலுவையில் இல்லை, பின்னால் வழக்கு வந்தால் தெரிவிப்பேன் என்பதே உறுதிமொழி. களியக்காவிளைப் பக்கம் திருவனந்தபுரத்து மலையாள நாளிதழ்கள் படிப்பவர்களும் இதே வழியில் புகார் செய்யலாம். மலையாளத்தை நேரே ஆங்கிலத்தில் பெயர்த்தால் போதும், தமிழ் தேவையில்லை. தலைப்பை மட்டும் பெயர்த்து அனுப்பாதீர்கள், முழுச் செய்தியும் வேண்டும். “மனம் புண்பட்டது” என்று பொதுவாக எழுதுவதைவிட, எது பொய், எது நெறி மீறல், மறுப்பு ஏன் வரவில்லை என்று எழுதினால்தான் புகார் நிற்கும். முகவரி: சூச்னா பவன், 8, சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ், லோதி சாலை, புது டெல்லி 110003.

புகாரில் முகாந்திரம் இருந்தால் பத்திரிகைக்கு நோட்டீஸ் போகும், விசாரணைக் குழு இரு தரப்பையும் கேட்கும், முடிவைக் கவுன்சில் எடுக்கும். வக்கீல் கட்டாயமில்லை. என்ன கிடைக்கும் என்பதில் ஏமாற வேண்டாம். எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், கண்டனத்தைப் பத்திரிகையில் வெளியிடச் சொல்லலாம். அபராதமும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. பணம் வேண்டுமென்றால் சிவில் நீதிமன்றம்தான். அந்த வழக்கு நிலுவையில் இருக்கும்வரை கவுன்சில் அதே விஷயத்தை விசாரிக்காது. எனவே எந்த வழி என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

அதிகாரிகள் மீது புகார்

சட்டத்தின் 13-ம் பிரிவு கவுன்சிலின் முதல் வேலையாகச் சொல்வது பத்திரிகைச் சுதந்திரத்தைக் காப்பதைத்தான். பழிவாங்கும் நோக்கில் விளம்பரத்தை நிறுத்துவது, நிருபருக்கு அரசு தரும் அங்கீகார அட்டையை மறுப்பது, காவல் நிலையத்துக்கு அழைத்து மிரட்டுவது, கேமராவைப் பிடுங்குவது எல்லாம் இதில் வரும். முதலில் அந்த அதிகாரிக்கோ அவருக்கு மேலிருப்பவருக்கோ எழுதிக் குறையைத் தெரிவியுங்கள். பிறகு கவுன்சிலுக்கு எழுதும்போது உயிர்நாடி ஒன்றே: நீங்கள் எழுதிய செய்திக்கும் அவர்கள் எடுத்த நடவடிக்கைக்கும் உள்ள தொடர்பு. செய்தி வந்த தேதி, நடவடிக்கைத் தேதி, அதற்கு முந்தைய மாதங்களில் வந்த விளம்பர ஆணைகள் ஆகியவற்றை வரிசையாக அடுக்குங்கள். இந்த வரிசை இல்லாமல் “பழிவாங்குகிறார்கள்” என்று மட்டும் எழுதிய மனு வெறும் சந்தேகமாகவே நின்றுவிடும். உறுதிமொழி, மொழிபெயர்ப்பு இதற்கும் உண்டு.

அரசு உட்பட எந்த அதிகார அமைப்பின் நடத்தை பற்றியும் கருத்துச் சொல்லக் கவுன்சிலுக்கு 15-ம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதே பிரிவின்படி, செய்தி எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி விசாரணையில் நிருபரைக் கட்டாயப்படுத்த முடியாது. காவல் துறை விசாரணைக்கு இந்தப் பாதுகாப்பு நீளாது. இதைக் குழப்பிக்கொள்ளும் இளம் நிருபர்கள் இருக்கிறார்கள்.

தொலைக்காட்சியும் இணையச் செய்தித் தளமும் இந்தக் கவுன்சிலின் எல்லைக்குள் வராதவை. அவற்றுக்கு மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிகளின்படி முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்ய வேண்டும். 15 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

நெருக்கடி நிலைக்குப் பிறகு வந்த இன்னொரு பாதுகாப்பு அரசியல் சட்டத்தின் 361-ஏ பிரிவு. 44-வது திருத்தத்தில் சேர்ந்தது. நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ நடந்ததை, கெட்ட எண்ணமில்லாமல் பெரும்பாலும் உள்ளபடியே எழுதினால் வழக்குப் போட முடியாது. ரகசியக் கூட்டத்துக்கு இது பொருந்தாது. நாகர்கோவில் மாநகராட்சிக் கூட்டத்துக்கும் பொருந்தாது. கவுன்சிலர் ஒருவர் இன்னொருவரைத் திருடன் என்று கூட்டத்தில் சொன்னதை அப்படியே அச்சிட்டால், சொன்னவரோடு சேர்த்துப் பத்திரிகை மீதும் அவதூறு வழக்கு வரலாம்.