ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குத் தமிழில் என்ன பெயர்?

இ.சி.ஜி. பார்த்த டாக்டர் ஓ.பி. சீட்டில் 'ஏ.எஃப்.' என்று இரண்டே எழுத்து எழுதுகிறார். இதயத்தின் தாளம் தப்பிப்போகிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நோயின் சுருக்கம் அது. சீட்டு வீட்டுக்கு வந்ததும் அது 'ஹார்ட்டு படபடப்பு' ஆகிறது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் "நெஞ்சு படபடன்னு கீதுப்பா" என்பார்கள். தெருமுனைக் கடைக்குப் போனால் அதே தொல்லை 'கேஸ்' ஆகி, ஒரு இஞ்சி சோடாவோடு முடிந்துவிடும். இந்த மூன்றும் ஒரே பொருளைச் சொல்லவில்லை. பெயர் மாறும்போது மாத்திரை விழுங்குகிற ஒழுங்கும் மாறிவிடுவதால், சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'ஏட்ரியம்' இலத்தீன் சொல். ரோமானியர் வீட்டின் முன்கூடத்துக்கு அந்தப் பெயர். நடுவில் கூரை திறந்திருக்கும், மழை உள்ளே விழும், கீழே தொட்டி இருக்கும். மண்ணடிப் பக்கம் மிச்சமிருக்கும் முற்றம் வைத்த பழைய வீடுகளை நினைத்துக்கொண்டால் போதும். வெளியிலிருந்து வருவது முதலில் வந்து சேரும் இடம் அது. உடலைச் சுற்றிய ரத்தம் வலது ஏட்ரியத்துக்கும், நுரையீரலில் சுத்தமான ரத்தம் இடது ஏட்ரியத்துக்கும் வந்து சேர்கின்றன. 'இதய முற்றம்' என்று சொன்னால்கூட அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் வழங்குவது 'மேலறை'. இலங்கைத் தமிழில் 'சோணையறை'. சோணை என்றால் காதுமடல். பழைய மருத்துவ நூல்கள் ஏட்ரியத்தை 'ஆரிக்கிள்' என்றன, அதற்கு இலத்தீனில் 'சிறு காது' என்று பொருள். ஈழத்துக்காரர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போலவே ஒரு சின்னப் பை தொங்குகிறது. இந்தக் கட்டுரையில் அதை மட்டும் 'சோணை' என்போம். வில்லங்கமெல்லாம் அங்கேதான்.

அடுத்தது 'ஃபிப்ரிலேஷன்'. 'ஃபைப்ரா' என்றால் நார், 'ஃபிப்ரில்லா' சின்ன நார். இதயத் தசையின் நார்கள் ஒன்றுசேர்ந்து சுருங்காமல் ஒவ்வொன்றும் தன் போக்கில் துள்ளுவதை 1874இல் பிரெஞ்சு மருத்துவர் வுல்பியான் இந்தச் சொல்லால் குறித்தார். அதே நூற்றாண்டில் ஒழுங்கற்ற நாடிக்கு 'டெலீரியம் கார்டிஸ்' என்ற பெயரும் இருந்தது. ஜுர வேகத்தில் மனிதன் பிதற்றுவதுபோல இதயம் பிதற்றுகிறது என்ற எண்ணம். கையில் பிடித்த நாடிக்கும் மேலறையின் நடுக்கத்துக்கும் உள்ள உறவு மனிதரிடம் இ.சி.ஜி. வழியாக உறுதியானது 1909இல், லண்டனில் தாமஸ் லூயிஸும் வியன்னாவில் ரோத்பெர்கர், வின்டர்பெர்க் இருவரும் செய்த வேலையால்.

இனி தமிழ்ச் சொல். 'துடிப்பு' ஆகாது. துடிப்பில் ஒழுங்கு இருக்கிறது, இங்கே இல்லாதது அதுதான். 'உதறல்' பொருளுக்கு நெருக்கமாகத்தான் வருகிறது, ஆனால் சென்னையில் "அவனுக்கு உதறுது" என்றால் பயந்துவிட்டான் என்று அர்த்தம். 'படபடப்பு' எல்லார் வாயிலும் இருக்கும் சொல். அதைத் தள்ளுவதற்கு இரண்டு காரணம். ஒன்று, 'படபட' சிறகடிக்கும் ஒலி. ஏட்ரியல் ஃபிளட்டர் என்று இதற்குப் பங்காளி நோய் ஒன்று உண்டு. அதில் மேலறை நிமிடத்துக்குச் சுமார் 300 முறை, ஆனால் சீராகத் துடிக்கும். ஃபிளட்டர் என்றாலே சிறகடிப்பு. ஆகவே படபடப்பு அந்த நோய்க்குத்தான் பொருந்தும். இரண்டாவது காரணம் பெரிது. படபடப்பு என்பது ஆள் உணர்வது. ஏ.எஃப். உணராமலும் இருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அசதியாக இருக்கிறது என்பதோடு நிற்கிறவர்கள் உண்டு. ஒரு தொந்தரவும் இல்லாமல் கண்புரை அறுவைக்கு எடுத்த இ.சி.ஜி.யில் பிடிபடுகிறவர்களும் உண்டு. எதிர்ப்பக்கம், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் ரத்தசோகை உள்ளவருக்கும் நெஞ்சு படபடக்கும், அதில் ஏ.எஃப். இல்லை.

எழுத்தில் 'மேலறை நார்நடுக்கம்', பேச்சில் 'மேலறை நடுக்கம்'. இதுவே சரி என்பது எங்கள் முடிவு. மேலறை என்ற முன்சொல்லை விடக்கூடாது. கீழறை நடுங்கினால் அது சில நிமிடங்களில் உயிரை எடுக்கும் வேறு நோய்.

என்ன நடக்கிறது என்றால், மேலறையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்பொறிகள் தாறுமாறாகக் கிளம்புகின்றன. நடுவில் உள்ள ஏ.வி. கணு வாசல் காவலாளி மாதிரி பாதிக்கு மேல் தடுத்துவிடுகிறது. தப்பி வருவது முறையில்லாமல் கீழறையை அடிக்கிறது. அதனால் நாடி வேகமாக மட்டும் அல்ல, எண்ணிக்கைக்கே அடங்காத தாளத்தில் ஓடும். வீட்டில் சோதிக்க: ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கட்டைவிரலின் கீழ் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது. மின்னணு பி.பி. கருவியும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு எண் காட்டும். மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். விரல் சொல்வது சந்தேகம் மட்டுமே. இ.சி.ஜி.யில் மேலறையின் துடிப்பைக் காட்டும் 'பி' அலை காணாமல், துடிப்புகளின் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால்தான் நோய் உறுதி. வந்துபோகிற வகையாக இருந்தால் ஒரு நாள் முழுக்க மாட்டிவிடும் ஹோல்டர் கருவி தேவைப்படும். கூடவே எக்கோவும் தைராய்டு பரிசோதனையும் எடுக்கச் சொல்வார்கள், காரணம் அங்கேயும் ஒளிந்திருக்கும்.

நடுங்குகிற அறை ரத்தத்தைத் தள்ளாது. வியாசர்பாடித் தெருவில் மழைநீர் எந்தப் பள்ளத்தில் தேங்குமோ அந்தப் பள்ளம் இங்கே சோணை. வால்வுக் கோளாறு இல்லாதவர்களிடம் இடது மேலறையில் உண்டாகும் ரத்தக்கட்டிகளில் பத்துக்கு ஒன்பது அந்தப் பைக்குள்தான் உருவாகின்றன. அங்கிருந்து நழுவினால் மூளைக்குப் போகும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர் மக்களிடம் நீண்டகாலமாக நடந்த இதய ஆய்வு 1991இல் சொன்ன கணக்குப்படி ஏ.எஃப். உள்ளவருக்குப் பக்கவாத வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. படபடப்பு நின்றாலும் இந்த ஆபத்து நிற்பதில்லை. "இப்ப நல்லாதான் கீறேன்" என்று மாத்திரையை நிறுத்துபவரை மாட்டிவிடுவது அந்தச் சொல்தான்.

இன்னொரு தவறான பெயர் 'ரத்தத்தை இளக்குற மாத்திரை'. ரத்தம் இளகுவதில்லை, நீர்த்துப்போவதும் இல்லை. உறைவதற்கு எடுக்கும் நேரம் நீள்கிறது, அவ்வளவே. 'உறைவுத் தடுப்பு மாத்திரை' என்பதே சரி. 'இளக்கி' என்று கேட்டவர்கள் ரத்தம் தண்ணீராகிவிடும், உடம்பு பலவீனமாகும் என்று பயந்து பீட்ரூட்டும் பேரீச்சையும் தேடுகிறார்கள். மாத்திரை வேண்டுமா என்பதை வயது (65இலிருந்து ஒரு புள்ளி, 75இலிருந்து இரண்டு), ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் (இரண்டு புள்ளி), ரத்தநாள நோய் ஆகியவற்றைக் கூட்டி டாக்டர் முடிவு செய்வார். ஆஸ்பிரின் இதற்கு மாற்று ஆகாது. ரத்தக்கசிவு ஆபத்து இருக்கும், பக்கவாதக் காப்பு மிகக் குறைவு.

நம் நாட்டில் கவனிக்க வேண்டியது வாதக் காய்ச்சல். சிறுவயதில் அதனால் மிட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற பழைய வகை உறைவுத் தடுப்பு மாத்திரைதான். 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், வாத இதயநோயோடு ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் புதிய மாத்திரையான ரிவரோக்சபானைவிடப் பழைய வகையே நன்றாகக் காத்தது. வார்ஃபரின் என்ற பெயருக்கும் கதை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆராய்ச்சி அறக்கட்டளையின் முதலெழுத்துகள் 'வார்ஃப்'; பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்ததன் காரணத்தைத் தேடியதில் கிடைத்த குமாரின் சேர்மத்தின் வால் 'அரின்'. 1948இல் எலி மருந்தாக வந்தது, 1954இல் மனிதருக்கு. "எலி மருந்தா தராங்க?" என்று கேட்பவருக்கு நேர்மையான பதில்: ஆமாம், அளவுதான் வித்தியாசம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து அந்த அளவைச் சரிசெய்ய உதவுவதுதான் ஐ.என்.ஆர். பரிசோதனை. பெரும்பாலோருக்கு இலக்கு 2 முதல் 3 (சில உலோக வால்வுகளுக்குக் கூடுதல்). தொடக்கத்தில் சில நாளுக்கு ஒருமுறை, நிலைபெற்ற பின் மாதம் ஒருமுறை.

கீரைக் கேள்வி இங்கேதான் வரும். உறைவதற்கு வேண்டிய வைட்டமினுக்கு 'கே' என்ற எழுத்து வந்ததே, ஜெர்மன், ஸ்காண்டிநேவிய மொழிகளில் 'உறைதல்' என்ற சொல் அந்த எழுத்தில் தொடங்குவதால். வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கிறது. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, கொத்தமல்லி, புதினா, முட்டைகோஸில் அது நிறைய. கீரையை விட்டுவிடச் சொல்வது பழைய பாடம். வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக வைத்துக்கொள்வதே வழி. வாரம் இரண்டு நாள் ஒரு கிண்ணம் என்றால் எப்போதும் அப்படியே. ஆடியில் தினமும் கூழோடு முருங்கைக்கீரைப் பொரியல், ஆவணியில் ஒன்றுமில்லை என்றால்தான் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். புதிய வகையான அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான் சாப்பிடுகிறவர்களுக்குக் கீரைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் சிறுநீரகத்தைப் பார்த்து அளவு மாறும். ரிவரோக்சபான் 15, 20 மி.கி. வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது, சோற்றோடு போட வேண்டும். டாபிகாட்ரான் காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டினால் ரத்தத்தில் அளவு எக்கச்சக்கமாக ஏறும். ஈரமும் அதற்கு ஆகாது. எண்ணூர்க் கடற்காற்றில் வாரப் பெட்டியில் போட்டு வைக்காமல் அட்டையிலேயே விட வேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரட்டையாகப் போடக்கூடாது.

உறைவுத் தடுப்பு மாத்திரை போடுகிறவர் இடுப்புவலிக்குப் பின்பக்கம் ஊசி கேட்கக்கூடாது. தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் ரத்தக்கசிவை வரவழைக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இந்த மாத்திரைகளின் பலத்தைக் குறைத்துவிடும். கிருமிக்கு எதிரான மெட்ரோனிடசோலும் பூஞ்சைக்கு எதிரான ஃபுளூகோனசோலும் வார்ஃபரினின் வேகத்தை ஏற்றிவிடும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதல் வார்த்தையாக மாத்திரைப் பெயரைச் சொல்ல வேண்டும்.

துணை மாத்திரைகளில் ஏமாற்றம் அதிகம். மீன் எண்ணெய் காப்ஸ்யூல் 'இதயத்துக்கு நல்லது' என்று விற்கப்படுகிறது. ஆனால் 2018இல் வந்த ரெட்யூஸ்-இட் ஆய்வில், நாளுக்கு 4 கிராம் வடிகட்டிய ஒமேகா-3 எடுத்தவர்களிடம் ஏ.எஃப்.க்காக மருத்துவமனையில் சேர்ந்தது 3.1 சதவீதம், எடுக்காதவர்களிடம் 2.1. காசிமேட்டில் வாங்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் வேறு விஷயம், குழம்பாகச் சாப்பிடலாம். கருவாடுதான் உப்பு மூட்டை. நாளுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்ற உலக சுகாதார நிறுவனக் கணக்கில் கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் ஊறுகாயும் ஒரே தட்டில் இடம்பெறாது. மக்னீசியம் மாத்திரை, ரத்தத்தில் அது குறைந்திருந்தால் மட்டும்; சிறுநீரகம் கெட்டவருக்கு அது விஷமாகத் தேங்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவரும் பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவரும் டாக்டரைக் கேட்டே குடிக்க வேண்டும். அதிமதுரம் இதற்கு நேர் எதிர்: தொடர்ந்து சாப்பிட்டால் பொட்டாசியத்தைக் குறைக்கும், இதய வேகத்தை அடக்கும் டிஜாக்சின் மாத்திரை போடுபவருக்கு ஆபத்தான கூட்டு. மருதம்பட்டைக் கஷாயம் மேலறை நடுக்கத்தை நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

உண்மையில் பலன் தருவது சலிப்பான சங்கதிகள். குடியை விட வேண்டும்: 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், ஆறு மாதத்தில் ஏ.எஃப். திரும்ப வந்தது குடியை விட்டவர்களில் 53 சதவீதம், விடாதவர்களில் 73. எடை கூடியவர் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே நடுக்கம் வருவது நன்றாகக் குறைகிறது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் அதற்கும் சிகிச்சை வேண்டும்.

வேகத்தை அடக்க மெட்டோப்ரோலால், டில்டியாசெம், டிஜாக்சின். ஓய்வில் நாடி 110க்குக் கீழே இருந்தால் முதல் இலக்கு சரி. தாளத்தையே திருப்ப அமியோடரோன் தந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் பார்க்க வேண்டும்; வார்ஃபரின் அளவையும் குறைக்க வேண்டிவரும். மின்அதிர்ச்சி கொடுத்துத் தாளம் திருப்புவதானால், நடுக்கம் எப்போது தொடங்கியது என்று தெரியாதபோது, முன்னால் மூன்று வாரம் உறைவுத் தடுப்பு, பின்னால் குறைந்தது நான்கு வாரம். நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்து பொறி கிளம்புகிறது என்று 1998இல் பிரான்சின் போர்டோ நகரத்து மருத்துவர்கள் காட்டிய பிறகு, அந்த வாயைச் சுட்டுத் தனிமைப்படுத்தும் 'அப்லேஷன்' வந்தது. அதற்குப் பின் நெஞ்சு அமைதியானாலும், புள்ளிக்கணக்கு சொல்கிறவரை உறைவுத் தடுப்பு மாத்திரை தொடரும்.

கடைசியாகப் 'பக்கவாதம்'. வாதம் என்றால் வாயு. காற்றடித்துக் கை கால் விழுந்தது என்ற பழைய விளக்கம் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், உறைவுத் தடுப்பு மாத்திரை போட்டவருக்கு அந்த ஊசி ஆகுமா என்பது கடைசி வேளை எப்போது என்பதைப் பொறுத்தது. அதனால் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: ஏ.எஃப்., மாத்திரையின் பெயர், அளவு, போடும் நேரம், கடைசி ஐ.என்.ஆர். சீட்டில் 'படபடப்பு' என்று எழுத வேண்டாம்.