உண்ணாழிகை: கர்ப்பக்கிருகத்தின் பழந்தமிழ்ப் பெயர்

சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினால் 'திருவுண்ணாழிகை' என்ற சொல் அடிக்கடி வரும். முதல்முறை பார்ப்பவர்கள் 'உண்ணா' என்று பிரித்து, ஏதோ நோன்பு சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. உள் + நாழிகை, புணரும்போது உண்ணாழிகை. மூலவர் இருக்கும் அறை, அதாவது நாம் இப்போது கர்ப்பக்கிருகம் என்று சொல்வது.

சரி, 24 நிமிட நாழிகைக்கும் சாமி இருக்கும் அறைக்கும் என்ன சம்பந்தம்? நாழி என்றால் உள்ளே வெற்றிடம் உள்ள பொருள். அளக்கும் நாழியும் அப்படித்தான், நேரம் காட்டிய நாழிகை வட்டிலும் அப்படித்தான். மலையாளத்தில் இன்றும் கட்டடத்துக்குள் போகும் நடைவழியை இடநாழி என்கிறார்கள். (வடமொழி நாடிகாவோடு உறவு சொல்பவர்களும் உண்டு.)

இந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்று தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்தால் தெரியும். 1010-இல் ராஜராஜன் முடித்த அந்தக் கோயிலில் கருவறைக்கு இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவே ஆள் நடக்கும் அளவுக்கு ஓர் இருட்டுச் சுற்று. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருந்ததை 1931-இல் கண்டுபிடித்தது அந்தச் சுற்றில்தான். அதற்கு மேல்தளத்தில் 108 கரணங்களை, அதாவது நடன நிலைகளை, செதுக்க ஆரம்பித்து 81-ஓடு நின்றுவிட்டார்கள், மீதிக் கற்கள் மொட்டையாகவே இருக்கின்றன. விமானமும் உச்சிவரை உள்ளே கூடுதான், இரு நூறு அடிக்கு மேல் அடுக்கிய கல்லுக்குள் முழுக்க வெற்றிடம்.

விமான நிழல் தரையில் விழாது என்பது சும்மா கிளப்பிவிட்டது, சாயங்காலம் போய் நின்றாலே தெரியும். எனக்குப் பிடித்தது கருவறைக் கதை. சுமார் 13 அடி லிங்கத்தை நிறுத்தும்போது அதைப் பீடத்தோடு ஒட்டவைக்கும் அட்டபந்தன மருந்து இறுகவே இல்லையாம், கருவூர்த் தேவர் என்ற சித்தர் வந்து மென்றுகொண்டிருந்த தாம்பூலத்தை உமிழ்ந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதாம். கதை எப்படியோ, அவர் இந்தக் கோயில்மேல் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது.

அப்புறம், 'கருவறை'யும் நல்ல தமிழ்தான், ஆனால் கர்ப்பக்கிருகத்தின் நேர் மொழிபெயர்ப்பு அது. பேச்சில் அதையே வைத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் புரியும். கோயில் கட்டடக்கலை பற்றி எழுதுகிறவர்கள் உண்ணாழிகையைப் புழங்கவிட்டால் நல்லது.

கல்வெட்டு படிக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம். 'திருவுண்ணாழிகைப்புறம்' என்று வந்தால் கருவறைக்கு வெளிப்பக்கம் என்று பொருளில்லை, அதன் செலவுக்கு விட்ட நிலம். மடத்துக்கு விட்ட மடப்புறம், கோயிலில் மேளம் கொட்டும் உவச்சர்களுக்கு விட்ட உவச்சப்புறம் மாதிரிதான் இதுவும்.