டெஸ்க்டாப் ஷேரிங்: பகிர்றோமா, காட்டுறோமா?

போன ஞாயித்துக்கெழம ஒரு வீடியோ கால். ஊர்ல இருக்கற சொந்தக்காரத் தம்பி ஒருத்தனுக்கு என் ராஸ்பெரி பை-ல (அது ஒரு குட்டி கம்ப்யூட்டர்) ஓடற ரிஸ்க் ஓஎஸ்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்த காட்டலாம்னு உக்காந்தேன். அவன் ரொம்ப சாதாரணமா "அண்ணே, டெஸ்க்டாப்ப ஷேர் பண்ணுங்க" ன்னான். அதுல ஜூம் கிடையாதுடா, கூகுள் மீட்டும் ஓடாது, எங்கேர்ந்து ஷேர் பண்றதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் முழிச்சுட்டு, "சரி விடுங்க, இந்த டெஸ்க்டாப் ஷேரிங்குக்கு நல்ல தமிழ் என்னண்ணே?" ன்னு கேட்டான் பாருங்க, அங்க புடிச்சது, ஒரு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

ரிஸ்க் ஓஎஸ்னா நம்ம பக்கம் பாதிப்பேருக்கு தெரியாது. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல இருந்த ஏக்கார்ன் கம்பெனி 1987-ல ஆர்க்கிமிடீஸ்னு ஒரு கம்ப்யூட்டர் விட்டாங்க, அதுக்காக எழுதின சிஸ்டத்தோட வாரிசுதான் இது. அந்த மெஷினுக்குன்னு அவங்களே 1985-ல செஞ்ச சிப்தான் ஆர்ம், இப்ப உங்க கையில இருக்கற போன்ல ஓடறது அதோட பேரன் பேத்திங்க. கம்பெனி போயிருச்சு, சிப் உலகம் பூரா போச்சு, சிஸ்டத்த மட்டும் கொஞ்சம் பேர் விடாம புடிச்சுட்டு இருக்காங்க, 2018-ல சோர்ஸ் கோடையும் தொறந்து விட்டாச்சு. ஒரு மெமரி கார்டுல போட்டு பை-ல சொருகினா சில நொடியில டெஸ்க்டாப் வந்து நிக்கும். அதுல இல்லாததுல ஒண்ணு: நாம தினமும் பேசற வீடியோ கால் ஆப் எதுவும் அதுக்கு வரல. அதனாலதான் இந்த "ஷேர்" ங்கற வார்த்தை எனக்கு இடிச்சுது, மத்தவங்களுக்கு ஜூம்ல ஷேர் பட்டன அமுக்கினா முடிஞ்சுது.

சரி, வார்த்தைக்கு வருவோம். ஸ்கிரீன்ல ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுலதான் சுவாரசியம். ஸ்கிரீன்ங்கறது பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்தது, குளிர்காய நெருப்பு போட்டு உக்கார்ற எடத்துல, சூடு மூஞ்சில அடிக்காம இருக்க குறுக்க வைக்கற தடுப்புக்குத்தான் அந்தப் பேரு. அதாவது மறைக்கற சாமான். அப்பறம் பத்தொன்பதாம் நூற்றாண்டுல அந்தத் தடுப்பு மேலேயே வெளிச்சத்த அடிச்சு படம் காட்ட ஆரம்பிச்சதும் அர்த்தம் அப்படியே தலைகீழாயிருச்சு, மறைச்சது காட்டறதாயிருச்சு. இப்ப நம்ம "திரை"ய எடுங்க. திரைச்சீலை, திரைமறைவு, திரைபோட்டு மறைச்சான், எல்லாமே மறைக்கறதுதான். கூத்துலயும் நாடகத்துலயும் திரை விலகினாத்தான் ஆள் தெரியும். சினிமா வந்ததும் "வெள்ளித்திரை", திரை மேலதான் ஆளே தெரியறான். ரெண்டு மொழியும் ஒரே குட்டிக்கரணம் அடிச்சிருக்கு. பழைய தமிழ்ல திரைக்கு எழினின்னும் ஒரு பேரு. சிலப்பதிகாரத்துல அரங்கேற்று காதையில மூணு வகை எழினி வரும்: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கமா இழுக்கறது, ரெண்டு பக்கமிருந்தும் வந்து சேர்றது, மேலேர்ந்து எறங்கறது. மேடைக்கு இவ்ளோ நுணுக்கமா பேர் வச்ச மொழியில கம்ப்யூட்டர் திரைக்கு வார்த்தை பஞ்சம் வராது, அது நிச்சயம்.

டெஸ்க்டாப் கொஞ்சம் கஷ்டம். டெஸ்க்கோட மூலம் லத்தீன் வழியா கிரேக்க டிஸ்கோஸ் வரைக்கும் போகுது, அதாவது தட்டு, வட்டு. தட்டு மேசையாச்சு, மேசை கம்ப்யூட்டருக்குள்ள போச்சு. 1970-கள்ல ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துலதான் ஆபீஸ் மேசை மேல காகிதம் பரப்பி வச்ச மாதிரி திரையில ஜன்னல் ஜன்னலா காட்டலாம்ங்கற யோசனை வளந்துச்சு, 1981-ல ஜெராக்ஸ் ஸ்டார், 1984-ல மேகின்டாஷ், அப்பறம் எல்லாரும். தமிழாக்கத்துல இதுக்கு மேல்மேசை, பணிமேடை, மேசைத்தளம்னு மூணு நாலு வார்த்தை பாத்திருக்கேன், எதுவும் வாய்ல ஒட்டல. ஒரு வேடிக்கை என்னன்னா, "டெஸ்க்டாப்னு சொல்லாதீங்க, மேசைன்னு சொல்லுங்க" ன்னு சண்டைக்கு வர்றவங்க அந்த மேசையே போர்த்துகீசியருங்க கப்பல்ல கொண்டுவந்ததுன்னு மறந்துடறாங்க. அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் அதே கப்பல்தான். நானூறு வருஷத்துல நம்ம வீட்டுப்புள்ள ஆயிருச்சு, டெஸ்க்டாப்புக்கும் ஒரு நூறு வருஷம் குடுத்துப் பாக்கலாமே.

ஷேர் இருக்கு பாருங்க, அதுதான் பிரச்சனையே. பழைய இங்கிலீஷ்ல அதுக்கு வெட்டறதுன்னுதான் அர்த்தம், ஆட்டு மயிர் கத்தரிக்கற ஷியர் அதோட சொந்தம், கலப்பையில மண்ண அறுக்கற கொழுவுக்கும் ஷேர்னுதான் பேரு. வெட்டி ஆளுக்கொரு துண்டு குடுத்தா அது ஷேர். நம்ம பகிர்வும் அச்சு அசலா அதேதான், பகுன்னா பிரி. பகுதி, பகுத்தல், பகிர்தல் எல்லாம் ஒரே குடும்பம், பகையும் அந்த வேர்தான்னு சொல்றவங்க உண்டு (ரெண்டா பிரிஞ்சா பகைதானே). சோத்த பகிர்ந்தா எனக்கு கொறையும், உனக்கு கூடும். திரைய பகிர்ந்தா? எனக்கு ஒரு புள்ளிகூட கொறையல. அதனால பேஸ்புக் காலத்துலேர்ந்து வந்த இந்த "பகிர்" பட்டன் வெறும் மொழிபெயர்ப்பு, சரியான சொல் இல்லன்னு வாதாடலாம், ஆனா இங்கிலீஷ்லயும் இதே கோளாறுதான், அங்க யாரும் கவலப்படல, நாம மட்டும் எதுக்கு பட்டுக்கிட்டு. திரைப் பகிர்வு நல்லா ஊனிப்போச்சு, இனிமே புடுங்க முடியாது. எழுதறப்ப நடுவுல அந்த "ப்" ப முழுங்காம எழுதுங்க, அது போதும். திரைப்படத்துல போடறோம்ல, அதே மாதிரி.

ஆனா தம்பிக்கு நான் அன்னிக்கு செஞ்சது வெறும் திரைப் பகிர்வு இல்லீங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். பை-ல வி.என்.சி சர்வர் ஒண்ண ஓடவிட்டேன். வி.என்.சின்னா வர்ச்சுவல் நெட்வொர்க் கம்ப்யூட்டிங், ஒரு கம்ப்யூட்டரோட திரைய இன்னொண்ணுல வரவழைச்சு ஓட்டற முறை, அதுவும் கேம்பிரிட்ஜ்ல பொறந்ததுதான், ஒலிவெட்டியும் ஆரக்கிளும் சேந்து நடத்தின ஆய்வகத்துல 1990-கள்ல, பின்னாடி அந்த ஆய்வகம் ஏடி அண்ட் டி கைக்குப் போயி 2002-ல மூடுவிழா கண்டுச்சு, வேல பாத்தவங்க அதே வருஷம் தனிக் கம்பெனி போட்டாங்க. (இதே ஊர் யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் லேப்லதான் 1991-ல காபி கூஜாவுல காபி இருக்கா இல்லையான்னு எந்திரிச்சுப் போகாம பாக்கறதுக்கு கேமரா வச்சாங்க. எட்ட இருக்கறத உக்காந்த எடத்துலேர்ந்து பாக்கற ஆசை அந்த ஊர்த் தண்ணியிலயே இருக்கு போல.) அது செய்யற வேல எளிமையானது, லேப்டாப்புல இருக்கற வியூவர் "என்னப்பா மாறிச்சு?" ன்னு கேக்கும், சர்வர் முழுப்படத்தையும் அனுப்பாம மாறின செவ்வகத்த மட்டும் வெட்டி அனுப்பும், ஒரு ஜன்னல இழுத்து வேற எடத்துல போட்டா "அங்க இருந்தத இங்க நகத்திக்கோ" ன்னு சொன்னாலே போதும், படமே அனுப்ப வேண்டாம். பதிலுக்கு நாம தட்டற கீயும் மவுஸ் கிளிக்கும் அந்தப் பக்கம் போகும். ஆக இங்க நிஜமாவே ஒரு வெட்டு இருக்கு, அந்த வகையில ஷேருக்கும் பகிர்வுக்கும் இது ஒண்ணுதான் கொஞ்சம் பொருந்துது.

லேப்டாப்புல பை-யோட டெஸ்க்டாப் ஒரு ஜன்னல்ல வந்துச்சா, அந்த ஜன்னல மட்டும் ஜூம்ல ஷேர் பண்ணேன். பை-லேர்ந்து வீட்டு வைபை வழியா லேப்டாப், அங்கேர்ந்து இன்டர்நெட் வழியா தம்பி. ரெண்டு தாவல். ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஷேர்னு ஒரே வார்த்தைய போட்டு முடிச்சுட்டாங்க, ஆனா ரெண்டும் ஒண்ணில்ல. முதல் தாவல்ல நான் எட்ட இருந்து ஓட்டறேன். ரெண்டாவதுல வெறும் காட்சி. வி.என்.சியோட பழைய பாஸ்வேர்ட் முறையில எட்டு எழுத்துக்கு மேல கணக்கே இல்ல, போற வர்ற தரவும் பூட்டு போடாமத்தான் போகும், அதனால முதல் தாவல வீட்டு நெட்வொர்க்குக்குள்ளயே வச்சுக்கணும், வி.என்.சி வந்து போற வாசலான 5900 போர்ட்ட ரவுட்டர்ல தொறந்து விட்டு "பகிர்றேன்" னு சொன்னா அது வீட்டுச்சாவிய தெருவுல பகிர்ற கதைதான்.

அப்பறம் நடந்ததுதான் கூத்து. "நீயே ஓட்டிப்பாரு" ன்னு ஜூம்ல கன்ட்ரோலையும் தம்பிகிட்ட குடுத்தேன். ரிஸ்க் ஓஎஸ்ல ஜன்னல் மேல மெனு பட்டையே இருக்காது, மவுஸ்ல மூணு பட்டன், இடது செலக்ட், நடு மெனு, வலது அட்ஜஸ்ட். நடுப் பட்டன அமுக்கினாத்தான் பாய்ன்டர் நிக்கற எடத்துலயே மெனு வரும். தம்பி லேப்டாப் டச்பேட வச்சு தடவு தடவுன்னு தடவறான், ஒண்ணும் வரல. "அண்ணே, இதுல மெனுவே இல்லண்ணே, இத வச்சு என்ன பண்றது?" ங்கறான். இல்லடா, நடுப் பட்டன்தான் உன்கிட்ட இல்ல. அவங்கம்மா பழைய டெஸ்க்டாப்புலேர்ந்து ஒரு வீல் மவுஸ கழட்டிக் குடுத்து, அவன் வீல அமுக்க, அது அவன் ஜூம்லேர்ந்து என் லேப்டாப்புக்கு வந்து, வி.என்.சிக்குள்ள பூந்து, பை-க்குப் போய், மெனு விரிஞ்சு, அந்தச் செவ்வகம் மறுபடி அதே வழியா அவன்கிட்ட போய்ச் சேர கிட்டத்தட்ட ஒரு நொடி. "வந்துருச்சுண்ணே!" ன்னு கத்தினான். உடனே எஃப்12-ம் அமுக்கிட்டான். ரிஸ்க் ஓஎஸ்ல எஃப்12 அமுக்கினா டெஸ்க்டாப் மொத்தமும் நின்னு, கீழ நட்சத்திரக் குறியோட கமாண்ட் லைன் வரும், சர்வரும் அந்த டெஸ்க்டாப்புக்குள்ள ஒரு ஆளா ஓடிட்டு இருந்தா அதுவும் சேந்து நின்னுரும். நின்னுச்சு. நான் எந்திரிச்சுப் போய் பை-ல சொருகின கீபோர்டுல என்டர் தட்டி எழுப்பினேன்.

தொலைவிலிருந்து இயக்கறதுன்னா இதுதான் கஷ்டம். ரிமோட்டுக்கு நாம "தொலை" ன்னு வச்சுட்டோம், தொலைபேசி, தொலைக்காட்சி எல்லாம் அதுதான், ஆனா தொலைன்னா காணாமப் போறதும்தானே. அன்னிக்கு ரெண்டு அர்த்தமும் வேல செஞ்சுது.

அதனால என் கணக்கு இது. வீடியோ கால்ல திரைய மத்தவங்களுக்கு காட்டறது திரைப் பகிர்வு, பேச்சுல "திரைய காட்டுங்க" போதும், இன்னும் அழகு. எட்டத்துல இருக்கற மெஷின் திரைய வரவழைச்சு கீபோர்டு மவுஸோட ஓட்டறது தொலைத்திரை இயக்கம், சுருக்கமா தொலைத்திரை. மேசைய விட்டுட்டேன், வேணும்னுதான். இயக்கற உரிமைய இன்னொருத்தர்கிட்ட விடறதுக்கு "கட்டுப்பாட்டை ஒப்படை" ன்னு எல்லாம் எழுதாதீங்க, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு. "ஓட்டக் குடு" ங்கறது என் ஓட்டு, வண்டிக்கு சொல்றோம்ல.

இன்னொரு வழியும் இருக்கு, பை-யோட எச்டிஎம்ஐ வயர ஒரு சின்ன கேப்சர் குச்சியில சொருகி யூஎஸ்பில லேப்டாப்புக்கு குடுத்தா, லேப்டாப் அத வெப்கேம்னு நெனச்சுக்கும், ஜூம்ல ரெண்டாவது கேமராவா காட்டிரலாம். எஃப்12 அமுக்கினாலும் நிக்காது, ஏன்னா இது பை-க்குள்ள எதையும் ஓட்டல, வெளிய வர்ற படத்த புடிக்குது. ஆனா தம்பியால ஓட்ட முடியாது, பாக்கத்தான் முடியும். இதுக்கு பகிர்வுன்னு பேர் வைக்கவே மனசு வரல, சுத்தமான காட்டல்.

கடைசியில தேடிப்பாத்தா ஆரம்பமே அப்படித்தான் இருந்திருக்கு. 1968 டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோவுல டக்ளஸ் எங்கெல்பார்ட்ங்கற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் மேடையில உக்காந்து, தூரத்துல மென்லோ பார்க்ங்கற ஊர்ல இருந்த தன் ஆளோட ஒரே திரையில வேல பாத்துக் காட்டினாரு, அந்த ஆளோட மூஞ்சியும் திரையில ஒரு பக்கம் தெரிஞ்சுது. வீடியோ காலும் திரைப் பகிர்வும் ஒரே நாள்ல ஜோடியா மேடையேறின மாதிரி. அந்தத் திரையில படம் எப்படி வந்துச்சுங்கறீங்க, சின்ன டியூப் திரைக்கு முன்னாடி டிவி கேமராவ நிறுத்தி வச்சு புடிச்சதுதான். வர்ற ஞாயித்துக்கெழம நானும் மொபைல ஸ்டாண்டுல மாட்டி மானிட்டருக்கு முன்னாடி வச்சுரலாம்னு இருக்கேன், தம்பி எஃப்12 பக்கமே வர முடியாது.