அலர்ட் வரவில்லையா? லாஜிக்கை விடுங்கள், டேட்டா டைப்பைப் பாருங்கள்

ரூல் என்ஜினில், அதாவது வரும் டேட்டாவை நிபந்தனைகளோடு ஒப்பிட்டு அலர்ட் அனுப்பும் மென்பொருளில், எழுதிய விதி பிழை காட்டி நின்றுவிட்டால் பெரிய கவலை இல்லை, பிழைச் செய்தியைப் படித்துச் சரிசெய்துவிடலாம். விதி சேமிக்கப்பட்டு, 'ஆக்டிவ்' என்று காட்டி, டேட்டாவும் வந்துகொண்டே இருந்து, அலர்ட் மட்டும் வராமல் போவதுதான் பயப்பட வேண்டிய நிலை. இப்படி என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் லாஜிக்கைத்தான் சந்தேகப்படுகிறார்கள், அடைப்புக்குறிகளை மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள், நிபந்தனைகளைத் திருப்பி எழுதுகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஒப்பீட்டின் ஒரு பக்கம் எண், மறுபக்கம் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), அல்லது எண்ணாக இருக்க வேண்டிய இரண்டுமே ஸ்ட்ரிங்.

ஒரு சென்சார் வெப்பநிலையை 100 என்று அனுப்புகிறது, இன்னொரு மாடல் அதையே மேற்கோள்குறிக்குள் "100" என்று அனுப்புகிறது. டாஷ்போர்டில் இரண்டும் 100 என்றே தெரியும். விதியில் இருக்கும் வரம்பு ஒரு வலைப் படிவத்தில் யாரோ நிரப்பியது என்றால் அதுவும் "50" என்று ஸ்ட்ரிங்காகத்தான் வந்து சேர்ந்திருக்கும், ஏனென்றால் படிவத்தின் உள்ளீடு எல்லாமே முதலில் ஸ்ட்ரிங்தான். இரண்டாவது மாடலில் இப்போது இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங். என்ஜின் அகராதி வரிசையில் எழுத்து எழுத்தாக ஒப்பிடும்: "1" என்பது "5"-க்கு முன்னால் வருவதால் "100" > "50" பொய் ஆகிவிடும், "9" > "50" உண்மை ஆகிவிடும். அதாவது, சூடு நூறைத் தொடும்போது அலர்ட் வராது, ஒன்பது டிகிரிக்கு வரும். பிழைச் செய்தி எங்குமே இருக்காது. இடையில் 60, 70 என்று சோதித்துப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே வேலை செய்வதுபோல் தெரியும்.

டைப் பொருந்தாதபோது என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒவ்வொரு பழக்கம். டேட்டாபேஸ்களில், போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஸ்ட்ரிங் ஃபீல்டை எண்ணோடு ஒப்பிட மறுத்து உடனே பிழை கொடுத்துவிடும், எனக்கு மிகவும் பிடித்த நடத்தை இதுதான். மைஎஸ்கியூஎல் இரண்டையும் தசம எண்ணாக்கி ஒப்பிடும், அதில் 'abc' போன்ற வெறும் எழுத்துகள் 0 ஆகிவிடும். எஸ்கியூஎல் சர்வர் ஸ்ட்ரிங்கை எண்ணாக்கப் பார்க்கும், ஒரே ஒரு வரிசையில் குப்பை இருந்தாலும் க்வெரி முழுக்க விழுந்துவிடும். மாங்கோடிபியில் 50-க்கு மேல் என்று கேட்டால் எண்ணாக உள்ள ஆவணங்கள் மட்டும் வரும், "100" என்று ஸ்ட்ரிங்காக இருப்பது சத்தமில்லாமல் விடுபடும். சாதனங்களின் செய்திகளை வாங்கி வழிப்படுத்தும் மைக்ரோசாஃப்ட் சேவையான அசூர் ஐஓடி ஹப்பில் செய்தியின் உள்ளடக்கத்தைப் பார்த்து வழிப்படுத்த வேண்டும் என்றால், அது ஜேசான் (JSON) என்ற டேட்டா வடிவம் என்பதையும் யூடிஎஃப்-8 போன்ற அதன் குறியாக்கத்தையும் செய்தியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் உள்ளே எண் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் விதி அதைப் பார்க்காது. ஆகவே ஒரு என்ஜினில் ஓடிய விதியை அப்படியே இன்னொன்றுக்கு எடுத்துச் செல்பவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் நிற்க வேண்டும்.

சரி, எங்கிருந்து தேடத் தொடங்குவது? மூலச் செய்தியிலிருந்து. டாஷ்போர்டையும் எக்செல் ஏற்றுமதியையும் நம்ப வேண்டாம், அவை மேற்கோள்குறிகளை அழகாக மறைத்துவிடும். சாதனம் அனுப்பிய செய்தியை அப்படியே லாகில் எடுத்து, அந்த ஃபீல்டைச் சுற்றி மேற்கோள்குறி இருக்கிறதா, எண்ணுக்குப் பின்னால் ஒரு இடைவெளியோ அலகோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் விதியில் உள்ள நிபந்தனைகளையெல்லாம் எடுத்துவிட்டு, அந்த ஃபீல்டின் மதிப்பையும் டைப்பையும் மட்டும் வெளியே எழுதும் ஒரு சோதனை விதியைப் போடுங்கள். டைப்பைச் சொல்லும் ஃபங்ஷன் ஏதாவது ஒரு பெயரில் பெரும்பாலான என்ஜின்களில் இருக்கும். பிறகு நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்தால் எந்த இடத்தில் முடிவு பொய்யாகிறது என்பது தெரிந்துவிடும். வரம்பின் டைப்பையும் இதேபோல் பார்க்க மறக்காதீர்கள். எல்லாரும் டேட்டாவையே சந்தேகப்பட்டு வரம்பை விட்டுவிடுகிறார்கள்.

காரணம் தெரிந்தவுடன் எல்லாரும் செய்வது விதிக்குள்ளேயே காஸ்ட் போடுவது, அதாவது டைப்பை மாற்றும் கட்டளையைச் சேர்ப்பது. அவசரத்துக்குச் சரி, ஆனால் காஸ்ட் ஆபத்தில்லாத மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டில் வெற்று ஸ்ட்ரிங்கை நம்பர் ஃபங்ஷனில் கொடுத்தால் 0 வரும். சென்சார் பழுதாகி வெறுமையாக அனுப்பியது 'பூஜ்ஜியம் டிகிரி' என்று பதிவாகும், பழுது என்று யாருக்கும் தெரியாது. தசமப் புள்ளிக்குப் பதிலாகக் கமா போட்ட "38,5" என்பதைப் பார்ஸ்ஃப்ளோட் என்ற இன்னொரு ஃபங்ஷன் 38 என்று வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்கும், நம்பர் ஃபங்ஷனோ 'எண்ணே இல்லை' என்ற மதிப்பைத் திருப்பும், அதோடு எதை > அல்லது < போட்டு ஒப்பிட்டாலும் பதில் பொய்தான். "false" என்ற ஸ்ட்ரிங்கை உண்மை/பொய் மதிப்பாக மாற்றினால், அது காலியாக இல்லாததால் உண்மை என்றே எடுத்துக்கொள்ளப்படும். உயிரைக் காக்கும் எச்சரிக்கை ஒன்று இந்த விதியை நம்பி இருக்கிறது என்றால், இவற்றில் எதையும் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது.

எண் போலத் தெரிவதை எல்லாம் எண்ணாக்கவும் கூடாது. சாதன அடையாள எண் "00123" என்றால் காஸ்ட் செய்தவுடன் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் போய்விடும். 9007199254740992-ஐத் தாண்டும் முழு எண்களை இரட்டைத் துல்லியத் தசமமாக வாசிக்கும் நிரல்கள் கடைசி இலக்கத்தை மாற்றிவிடலாம், அப்போது இரண்டு வெவ்வேறு சாதனங்கள் ஒன்றாகிவிடும். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும்.

நேரமுத்திரையில், அதாவது செய்தியின் நேரத்தைச் சொல்லும் எண்ணில், வேறு மாதிரி சிக்கல். ஒருவர் 10 இலக்க விநாடியாகவும் இன்னொருவர் 13 இலக்க மில்லிவிநாடியாகவும் அனுப்புவார்கள். டைப் இரண்டும் எண் என்பதால் எந்த டைப் சோதனையிலும் மாட்டாது.

நிலையான தீர்வு என்று நான் சொல்வது, டேட்டா உள்ளே நுழையும் இடத்திலேயே ஒரே ஒரு முறை டைப்பை மாற்றிச் சரிபார்ப்பது. நாற்பது விதிகளில் நாற்பது காஸ்ட் போட்டால் ஒன்றில் மறக்கத்தான் செய்வோம். ஜேசான் ஸ்கீமா போல, எந்த ஃபீல்டு எந்த டைப்பில் வர வேண்டும் என்று வரையறுக்கும் ஏதாவது ஒன்றை வைத்து, பொருந்தாத செய்திகளை வீசிவிடாமல் தனி வரிசைக்கு அனுப்பி, அந்த வரிசை நீளும்போது அலர்ட் வர வைத்துவிடுங்கள். கூடவே ஒவ்வொரு விதிக்கும் ஸ்ட்ரிங், நல் (null, மதிப்பே இல்லாதது), வெறுமை, வரம்பை ஒட்டிய மதிப்பு, இலக்க எண்ணிக்கை மாறும் மதிப்பு ஆகியவற்றைக் கொடுத்துச் சோதியுங்கள். 60 மட்டும் போதாது, 9-ம் 100-ம் வேண்டும்.

சாதனத்துக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரையே திருத்தி "50"-ஐ 50 ஆக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் அந்த ஃபீல்டைத் தொடும் விதிகளையெல்லாம் தேடி எடுத்துவிடுங்கள். பழைய தவறுக்கு ஏற்றாற்போல் யாராவது = "50" என்று எழுதி வைத்திருக்கலாம். இன்றுவரை சரியாக வேலை செய்த அந்த விதி, திருத்திய அன்றே நின்றுபோகும்.