மோனேயின் தோட்டத்தில் நிழல் ஏன் நீலம்?

வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஓர் ஓவியம் இருக்கிறது. பிரான்சில் சேன் நதியோரம், வெத்தேய் என்ற ஊரில் தான் குடியிருந்த வீட்டையும் தோட்டத்தையும் ஓவியர் குளோத் மோனே 1881இல் தீட்டியது. கீழிருந்து ஏறிப்போகும் பாதை, இருபுறமும் தலைக்கு மேல் வளர்ந்த சூரியகாந்திகள், நீலமும் வெள்ளையுமான பூந்தொட்டிகள், நடுப்பாதையில் ஒரு சின்னப் பையன். அத்தனையின் மேலும் நல்ல வெயில்.

அந்த வெயில் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். திறந்தவெளியில் நேர் வெயிலின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஓவியக் கூடங்களில் எண்ணெய் வண்ண ஓவியங்களின் மேல் பெரும்பாலும் 200 லக்ஸ் அளவுதான் விழ விடுவார்கள். ஐந்நூறில் ஒரு பங்கு! எவ்வளவு நல்ல வெள்ளைச் சாயமும் தன்மேல் விழுந்ததைவிடக் கூடுதலாக ஒளி தந்துவிடாது.

மோனே வெயிலைக் காட்டியது நிழலை வைத்து. பாதையில் விழும் நிழலைப் பாருங்கள். கருப்பும் இல்லை, பழுப்பும் இல்லை, நீலமும் ஊதாவும். அது அழகுக்காகச் சேர்த்த நிறம் அல்ல, உண்மையிலேயே அங்கே இருப்பது. மரம் மறைப்பது சூரியனை மட்டும்தானே? வானம் திறந்தே கிடக்கிறது. காற்றின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீள ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். சிவப்பைவிட நீலம் ஏறக்குறைய நான்கு மடங்கு சிதறும். அந்த நீல ஒளிதான் நிழலுக்குள் இறங்குகிறது.

அப்படியானால் நம் கண்ணுக்கு அது ஏன் தெரிவதில்லை? மூளை அதைக் கழித்துவிடுகிறது. வெயிலில் காயும் வெள்ளை வேட்டி நிழலுக்குப் போனாலும் வெள்ளைதான் என்று அது முடிவு கட்டிவிடும். மோனே அந்த முடிவை ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணில் விழுந்த நிறத்தை அப்படியே தூரிகையில் எடுத்தார். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இந்த நேர்மைதான்.

சரி, நீல நிழல் எப்படி வெயிலாகிறது? பாரிஸில் கோபெலன் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கருப்பு நூல் மங்கிப்போகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கருப்பை மங்கலாகக் காட்டியது. எதிரெதிர் நிறங்களை அருகருகே வைத்தால் ஒன்றை மற்றொன்று தூக்கிக்கொடுக்கும் என்றும் 1839இல் விளக்கமாக எழுதினார். வெத்தேய்ப் பாதையில் மஞ்சள் கலந்த மணல் நிறத்தை அப்படித் தூக்கிக்கொடுப்பது பக்கத்து நீலம்.

இதை நீங்களே பார்க்கலாம். மேகமில்லாத நாளில் மொட்டைமாடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, பாதி நிழலில் இருக்கும்படி வையுங்கள். கைப்பேசிக் கேமராவில் வெண்சமநிலையை (white balance) ‘வெயில்’ என்று வைத்துப் படம் எடுத்து, நிழல் பகுதியை மட்டும் பெரிதாக்குங்கள். நீலம் தெரியும். மூடிய மேகம் உள்ள நாளில் எடுத்தால் சாம்பல்தான். மேகம் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கிறது.

அப்புறம் அந்த ஓவியத்தின் மேல்பகுதியைப் பாருங்கள். கூரைக்கு மேலே, வெண்மேகங்களுக்கு நடுவே நீல வானம். பாதையில் கிடக்கும் நீலம் அங்கிருந்து வந்ததுதான்.